ஆகாய விமானம் நிறம் மாறிய வரலாறு

ஆற்று மீனொன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவர், அதன் முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருத்தலைக் காண்பர். மேலிருந்து இரைதேடும் மீன்கொத்தியின் கண்ணுக்கு அக்கரிய முதுகு நீரின் இருளோடு கலந்து விடுகின்றது; கீழிருந்து துரத்தும் பெருமீனின் கண்ணுக்கு அவ்வெள்ளை வயிறு நீர்ப்பரப்பின் ஒளியோடு கலந்து விடுகின்றது. அழகுக்காக அன்று, உயிர் பிழைப்பதற்காகவே இயற்கை அதற்கு இந்நிறங்களை அளித்தது. மனிதன் ஆக்கிய ஆகாய விமானத்தின் நிறமும் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இன்று விமான நிலையத்திற்குச் செல்வோர் அங்கே காண்பவை பெரும்பாலும் வெண்ணிற விமானங்களே. போர் விமானங்களோ சாம்பல் நிறம் பூண்டு நிற்கின்றன. ஆயின், 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றிலே விமானம் பூண்ட நிறங்கள் பலவாகும். பழுப்பு, வெள்ளி, மஞ்சள், சிவப்பு, கருமை, இளஞ்சிவப்பு எனப் பல கோலங்களில் அது வானிலே உலாவியதுண்டு. அம்மாற்றங்களுக்கு ஓவியனின் விருப்பம் காரணமாயிருந்தது மிகச் சில வேளைகளிலேயே. விமானத்திற்குப் பகை இரண்டு: ஒன்று வெயில்; மற்றது கண். கண் என்னும்போது பகைவனின் கண்ணை மாத்திரமன்றி, ஆள் தெரியாமற் சுட்டுவிடும் நண்பனின் கண்ணையும் சேர்த்தே கொள்ளவேண்டும். இவ்விரு பகையையும் வெல்ல மனிதன் செய்த முயற்சியின் வரலாறே விமான நிறத்தின் வரலாறு.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி றைற் சகோதரர்கள் அமெரிக்காவிற் பறக்கவிட்ட முதல் விமானத்திற்கு வர்ணம் என ஒன்று இருக்கவில்லை. மரச்சட்டத்தின்மீது வெளுக்காத பருத்தித் துணியைப் போர்த்து அதன் சிறகுகள் அமைக்கப்பட்டிருந்தன. துணியின் இயற்கை நிறமே விமானத்தின் நிறம். அவர்களுக்குப் பின்வந்தோர், துணி தளராமல் இருக்கும்பொருட்டுச் செலுலோசைக் கரைத்துச் செய்த ஒருவகை மெருகு நெய்யை அதன்மேற் பூசினர். ஆங்கிலேயர் அதனை 'டோப்' என்று வழங்கினர். அது உலரும்போது துணியை இழுத்துச் சுருக்கி, மத்தளத்தோல் போல விறைப்பாக்கும். காற்றும் ஈரமும் உட்புகாமற் காக்கும். இவ்வாறு மெருகூட்டப்பட்ட துணி பாலாடை போன்ற வெளிர்மஞ்சள் நிறம் பெற்றது. ஆதி விமானங்கள் பலவற்றின் நிறம் இதுவே.

விமானத்தின் இந்த முதற்பூச்சே மனித உயிரைக் காவு கொண்டது என்பது பலர் அறியாத செய்தி. முதலாவது உலக மகாயுத்தம் 1914இல் மூண்டதும் விமானத் தொழிற்சாலைகள் பெருகின. மெருகு நெய்யைக் கரைப்பதற்கு அந்நாளிற் பயன்பட்ட திரவங்களுள் டெற்றாக்குளோரோஈதேன் என்பதும் ஒன்று. இதன் ஆவி கொடிய நஞ்சு. காற்றோட்டம் குறைந்த கூடங்களிலே நாள்முழுதும் நின்று தூரிகையாற் சிறகுகளுக்கு மெருகூட்டிய தொழிலாளர் பலர் ஈரல் கெட்டுக் காமாலை கண்டனர், சிலர் மாண்டனர். அத்தொழிலில் ஈடுபட்டோருள் பெண்கள் பலர் இருந்தனர். பிரித்தானியாவில் 1916ஆம் ஆண்டளவிலே அத்திரவத்தின் உபயோகம் கைவிடப்பட்டது. போர்க்களத்தை ஒருபோதும் காணாத சிலர், விமானத்தின் பூச்சுக்காகவே உயிர் நீத்தனர்.

அதே யுத்தகாலத்தில் வெயிலின் பகைமையும் புலனாயிற்று. சூரிய ஒளியில் அடங்கியுள்ள, கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த கதிர்கள் துணியின் இழைகளைச் சிதைத்துவிடும். சில மாதங்கள் வெளியில் நின்ற விமானத்தின் துணி உரமிழந்து கிழியும் நிலையை அடையும். பறக்கும்போது சிறகு கிழிந்தால் விளைவு யாதென்று சொல்லவேண்டியதில்லை. எனவே, இங்கிலாந்தின் பான்பரோ நகரிலிருந்த அரச விமானத் தொழிற்சாலையில் அக்கதிர்களைத் தடுக்கும் பூச்சொன்றைத் தேடினர். காவி மண்ணுக்கு நிறமூட்டும் இரும்பு ஒட்சைட்டையும் விளக்குக் கரியையும் மெருகு நெய்யிற் கலந்தபோது அத்தகைய பூச்சு கிடைத்தது. 'பாதுகாப்புப் பூச்சு இலக்கம் 10' என்று அதற்குப் பெயரிட்டனர். பெயரே அதன் நோக்கத்தை உணர்த்துகின்றது. அது பசுமை கலந்த பழுப்பு நிறமாய் அமைந்தமையால், மேலிருந்து நோக்குவோர்க்கு விமானம் வயல் நிலத்தோடு ஒன்றித் தோன்றியது. துணியைக் காக்கப் பூசிய பூச்சு, மறைப்பாகவும் உதவியது. வெயில் மிகுந்த மத்திய கிழக்கு நாடுகளுக்கென அனுப்பிய விமானங்களுக்குச் செம்பழுப்பான வேறொரு பூச்சு இடப்பட்டது.

வெயிலுக்கு விடை கண்ட அதே காலத்திற் கண்ணின் பகைமையும் தலையெடுத்தது. 1914இல் விமானம் என்பது போர்வீரருக்குப் புதிய பொருள். தலைக்குமேல் இரைச்சல் கேட்டதும், தம்முடையதா பகைவருடையதா என்று நோக்காது சிப்பாய்கள் சுட்டனர். பிரித்தானியர் தம் தேசக்கொடியைச் சிறகின் கீழே வரைந்து பார்த்தனர். தொலைவிலிருந்து காண்போர்க்குக் கொடியின் நீலமும் வெள்ளையும் மங்கிப்போக, நடுவிலுள்ள சிலுவை மாத்திரமே தெரிந்தது. ஜேர்மானிய விமானத்தின் அடையாளமோ கருஞ்சிலுவை. குழப்பம் தீரவில்லை. பிரெஞ்சுக்காரர் அதற்கு முன்னரே ஒன்றனுள் ஒன்றாக மூன்று வட்டங்களைத் தம் அடையாளமாகக் கொண்டிருந்தனர். நடுவில் நீலம், சூழ வெள்ளை, வெளியே சிவப்பு. பிரித்தானியர் அவ்வடிவத்தையே ஏற்று, நிறவரிசையை மாற்றி, நடுவிற் சிவப்பும் வெளியே நீலமும் வைத்துக்கொண்டனர். 1914ஆம் ஆண்டின் இறுதியிலே தோன்றிய அவ்வட்டக்குறி பிரித்தானிய விமானப் படையின் சின்னமாக நிலைத்துவிட்டது.

ஜேர்மானியர் மறைதற்கலையில் வேறொரு வழி கண்டனர். பல கோணங்களையுடைய சிறுசிறு வர்ணக் கட்டங்களைத் துணியிலேயே அச்சிட்டு, அத்துணியால் விமானத்தைப் போர்த்தனர். தனியே வர்ணம் பூசவேண்டிய வேலையும் குறைந்தது. பூச்சின் பாரமும் குறைந்தது. இத்தகைய மறைப்புத் துணி பெருகிய அக்காலத்திலேயே அதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் வானிலே தோன்றியது. மன்பிரெட் வொன் றிச்தோபென் என்னும் விமானவீரர் 1917ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தம் விமானத்தைச் செந்நிறமாக்கினார். அவர் ஒளிய விரும்பவில்லை. தம்மைக் கண்ட பகைவர் அஞ்சவும், தம் படைப்பிரிவினர் போர்க்களக் குழப்பத்திலே தலைவனை இனங்காணவும் அந்நிறம் உதவிற்று. 80 வெற்றிகளைப் பெற்ற அவர் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி செந்நிற விமானமொன்றிலேயே உயிர்துறந்தார். மறைவதும் தோன்றுவதும் ஆகிய இரண்டில் எது வேண்டும் என்ற வினா அன்று முதல் விமானத்தை விட்டு நீங்கவில்லை.

இரு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட சமாதான காலத்திலே மறைவு வேண்டப்படவில்லை. ஆதலின், அலுமினியத் தூளை மெருகு நெய்யிற் கலந்து வெள்ளி நிறமாகப் பூசினர். அத்தூள் வெயிலைத் தெறிக்கச் செய்து துணியைப் பாதுகாத்தது. அமெரிக்கக் கடற்படையினர் தம் விமானங்களின் மேற்சிறகுக்குக் கடும்மஞ்சள் நிறம் இட்டனர். யந்திரம் பழுதுற்று விமானம் கடலில் இறங்க நேர்ந்தால், பரந்த நீலத்தினிடையே அம்மஞ்சள் நிறம் தேடிவருவோர் கண்ணிற் படும். பயிற்சி பெறும் இளைஞர் ஓட்டும் விமானங்களையும் மஞ்சளாக்கினர். புதிதாய் ஓட்டக் கற்பவன் வருகிறான், விலகிச் செல்லுங்கள் என்று ஏனையோரை எச்சரிப்பதே அதன் கருத்து. கனடாவிலே இரண்டாவது மகாயுத்த காலத்திற் பல்லாயிரம் விமானிகளைப் பயிற்றிய விமானங்கள் மஞ்சள் நிறத்தனவே. இந்த மஞ்சள் விமானத்தின் பிற்காலக் கதை வியப்புக்குரியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இதற்கிடையில் துணியின் இடத்தை உலோகம் பிடித்தது. 1935ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆந் திகதி முதன்முதற் பறந்த டக்ளஸ் டீ.சீ. 3 விமானம், பளபளக்கும் அலுமினியத் தகட்டு மேனியோடு விமானப் போக்குவரத்தில் ஒரு புதிய ஊழியைத் தொடக்கிவைத்தது. உலோகத்தைத் துணிபோல் ஊதாக்கதிர்கள் அழிப்பதில்லை. ஆயின் உப்புக்காற்றும் ஈரமும் அரிக்கும். அதனால் கலப்புலோகத் தகட்டின்மேல் தூய அலுமினியத்தை மெல்லிய படையாகப் பொருத்தினர். அடிப்பூச்சாக மஞ்சள்பச்சை நிறமான நாக குரோமேற்றையும் பயன்படுத்தினர். மெருகேற்றிய உலோக நிறமே நாகரிகத்தின் நிறமாகக் கருதப்பட்டது.

1939இல் இரண்டாவது மகாயுத்தம் மூண்டதும் அப்பளபளப்பு ஆபத்தாயிற்று. பிரித்தானிய விமானங்களின் முதுகில் மண்பழுப்பும் கரும்பச்சையும் அலையலையாகப் பூசப்பட்டன. வயிற்றில் வெளிறிய வான்நிறம் இடப்பட்டது. ஆற்றுமீனின் உபாயம் அப்படியே கையாளப்பட்டது. இரவிற் குண்டுவீசச் செல்லும் விமானங்களின் அடிப்புறம், தேடொளி விளக்குகளுக்குத் தப்பும்பொருட்டுக் கருநிறமாக்கப்பட்டது. பகைநாட்டின்மேற் பறந்து நிழற்படம் எடுக்கும் விமானங்களுக்குச் சிட்னி கொட்டன் என்பார் வெளிறிய பச்சை நிறமொன்றைத் தேர்ந்தார். இலண்டனுக்கு அருகிலுள்ள விமானத் தளமொன்றில் இந்தியாவின் யோத்பூர் மகாராசாவின் வெளிர்பச்சை விமானம் மேலெழுந்து, கணப்பொழுதில் வானோடு கலந்து மறைந்ததைக் கண்டே அவர் அந்நிறத்தைத் தெரிந்தெடுத்தார் என்று கூறுவர். தாழப் பறந்து படமெடுக்கும் விமானங்கள் சிலவற்றுக்கு இளஞ்சிவப்பு நிறமும் பூசப்பட்டது. விடியலிலும் அந்தியிலும் மேகங்களின் கீழே செல்லும்போது அந்நிறம் எளிதிற் கண்ணுக்குப் புலப்படாது.

இங்ஙனம் நிறங்களைப் பெரும்பாலும் அனுபவத்தால் தெரிந்தெடுத்து வந்தவர்கள், கணக்காலும் பரிசோதனையாலும் தெரிந்தெடுக்கக் கற்ற நிகழ்ச்சி 1941ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் உணவுக் கப்பல்களை மூழ்கடித்து வந்தன. பிரித்தானியாவின் உயிர்நாடி அறுபடும் அபாயம் தோன்றிற்று. நீர்மூழ்கிகளைத் தேடிய விமானங்கள் அவற்றை நெருங்குமுன்னரே, மேல்தளத்தில் நின்ற காவலர் விமானத்தைக் கண்டு கப்பலை அமிழ்த்திவிடுவர். பேராசிரியர் பற்றிக் பிளாக்கெற் என்னும் பௌதிகவியலறிஞரின் தலைமையில் இயங்கிய ஆராய்ச்சிக் குழுவினர் அவ்விமானங்களின் நிறத்தை வினவினர். இரவுக் குண்டுவீச்சுக்கென ஆக்கப்பட்டமையால் அவற்றுட் பெரும்பாலானவை கருநிறம் பூண்டிருந்தன. வட அத்திலாந்திக்கின் பகல்வானம் எப்பொழுதும் வெளிறிய மேகம் படர்ந்தது. அவ்வானத்திலே வரும் எப்பொருளும் இருண்ட புள்ளியாகவே தோன்றும்; கருநிறமோ அவ்விருளை இன்னும் மிகுவிக்கும்.

வெள்ளை பூசிப் பரிசோதித்தபோது, கரிய விமானத்தைக் காணும் தூரத்தினும் சராசரி நூற்றுக்கு 20 பங்கு குறைந்த தூரத்திலேயே வெள்ளை விமானம் கண்ணிற் பட்டது. அதனால் மூழ்கடிக்கப்படும் கப்பல்களின் தொகை நூற்றுக்கு 30 பங்கு அதிகரிக்கலாம் எனக் கணக்கிட்டனர். விமானங்கள் வெண்ணிறமாயின. புதிய யந்திரம் எதுவும் ஆக்கப்படவில்லை. புதிய வெடிகுண்டும் இல்லை. ஒரு வாளி வெள்ளை வர்ணமே படைக்கலமாயிற்று. அறிஞர் பிளாக்கெற் பின்னர் 1948இல் நோபல் பரிசு பெற்றது பௌதிகத்தில் அவர் செய்த வேறு ஆராய்ச்சிகளுக்காகவே. எனினும் அத்திலாந்திக்கின் மாலுமிகளுக்கு இவ்வெள்ளை நிறமே பேருதவியாயிருந்தது.

நண்பனின் கண் விளைக்கும் கேடு இதே யுத்தத்தில் மிகக் கொடூரமாக வெளிப்பட்டது. 1943ஆம் ஆண்டு யூலை 11ஆந் திகதி இரவு, சிசிலித் தீவிலே தம் படைக்கு உதவியாக அமெரிக்கப் பரசூட் வீரரை ஏற்றிக்கொண்டு 144 போக்குவரத்து விமானங்கள் சென்றன. சற்று முன்னரே ஜேர்மானிய விமானங்கள் அவ்விடத்திற் குண்டு வீசியிருந்தன. அச்சத்தால் நிலைகுலைந்திருந்த நேசநாட்டுக் கப்பற் பீரங்கியாளரும் கரையில் நின்ற பீரங்கியாளரும் தம் விமானங்களையே சுட்டனர். 23 விமானங்கள் வீழ்ந்தன. பகைவரைக் காணுமுன்னரே பல இளைஞர் தம்மவர் கையால் மாண்டனர்.

அத்துயரம் படிப்பித்த பாடம் மறுவருடம் பயன்பட்டது. 1944ஆம் ஆண்டு யூன் 6ஆந் திகதி நோமண்டியிலே நேசப்படைகள் கரையிறங்கியபோது, துணைசென்ற ஆயிரக்கணக்கான விமானங்களின் சிறகுகளிலும் உடலிலும் மூன்று வெள்ளைப் பட்டைகளும் இரண்டு கருப்புப் பட்டைகளும் தீட்டப்பட்டிருந்தன. பகைவர் அறிந்து அவ்வாறே தீட்டிவிடக் கூடாதென்று, இரண்டொரு நாளுக்கு முன்னரே அவ்வேலை தொடங்கப்பட்டது. விமானத் தளங்களில் உள்ளவர் எல்லாரும் கிடைத்த தூரிகைகளை எடுத்துக்கொண்டு அவசர அவசரமாகப் பூசினர். பட்டைகள் கோணலாயிருந்ததைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. ஆயின், பிரான்சிலே தளங்கள் அமைத்து விமானங்கள் தரையில் நிற்கத் தொடங்கியதும், மேலிருந்து பார்க்கும் பகைவனுக்கு அதே பட்டைகள் நல்ல குறியாயின. எனவே சில வாரங்களில் மேற்புறப் பட்டைகளை அழிக்கத் தொடங்கினர். யூனில் உயிர்காத்த நிறம் ஆகஸ்டில் ஆபத்தாகிவிட்டது.

இலங்கையையும் இந்நிற வரலாறு தொடாமற் செல்லவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி கொழும்பின்மீதும், 9ஆந் திகதி திருகோணமலையின்மீதும் குண்டுவீசிய யப்பானிய விமானங்களின் சிறகுகளில் உதயசூரியனைக் குறிக்கும் செவ்வட்டம் விளங்கிற்று. பிரித்தானிய அடையாளத்தின் நடுவிலும் அமெரிக்க நட்சத்திரத்தின் நடுவிலும் செவ்வட்டமே இருந்தது. விரைந்து செல்லும் விமானத்தை நோக்கும் துப்பாக்கி வீரனுக்கு அச்சிறு சிவப்பே போதும். விரல் விசையை அழுத்திவிடும். 1942ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கர் தம் நட்சத்திரத்தின் நடுவிலிருந்த சிவப்பை நீக்கினர். இந்தியாவிலும் இலங்கையிலும் பர்மா எல்லையிலும் பறந்த பிரித்தானிய விமானங்களும் நாளடைவிற் சிவப்பைத் துறந்து, கருநீலமும் வெளிர்நீலமும் மாத்திரம் கொண்ட வட்டங்களைத் தாங்கின. 1944இற் பேராதனையிலே தலைமையகத்தை அமைத்துக்கொண்ட தென்கிழக்காசியச் சேனாதிபத்தியத்தின் வானத்திலே, நேசநாட்டு விமானங்களிற் சிவப்பு விலக்கப்பட்ட நிறமாயிற்று. ஒரு பேரரசின் சின்னத்தின் நடுவிடத்தையே, கண் தவறக்கூடும் என்ற அச்சம் மாற்றிவிட்டது.

யுத்தத்தின் இறுதிக் காலத்தில் நேசநாடுகளின் வான்வலிமை மேலோங்கியபோது, அமெரிக்கர் பல விமானங்களுக்கு வர்ணம் பூசுவதையே நிறுத்தினர். பூச்சின் பாரம் இல்லாமையால் விமானம் சற்று விரைந்து சென்றது. தொழிற்சாலையிலே காலமும் உழைப்பும் மிஞ்சின. ஒளிந்து செல்லவேண்டிய அவசியம் நீங்கியதை அவ்வெற்று உலோகம் எடுத்துக்காட்டியது.

அணுகுண்டின் வருகை நிறத்திற்குப் புதியதோர் அலுவலைக் கொடுத்தது. குண்டை வீசிவிட்டுத் திரும்பும் விமானத்தை, அது வெடிக்கும்போது எழும் வெப்ப ஒளி பின்தொடர்ந்து தாக்கும். அதனைத் தெறிக்கச் செய்யும்பொருட்டுப் பிரித்தானியாவின் வலியன்ற், விக்டர், வல்கன் ஆகிய குண்டுவீச்சு விமானங்களுக்குக் கண்கூசும் வெள்ளை பூசப்பட்டது. 1957ஆம் ஆண்டு மே மாதத்திற் பசிபிக் சமுத்திரத்திலே பிரித்தானியர் ஐதரசன் குண்டுப் பரிசோதனையைத் தொடங்கியபோது, அக்குண்டைச் சுமந்து சென்ற வலியன்ற் விமானம் வெண்ணிறமே பூண்டிருந்தது. பின்னர் இவ்வகை விமானங்களிற் படையின் வட்டக்குறி கூட, கரிய நிறங்கள் வெப்பத்தை உறிஞ்சும் என்பதால், வெளிறிய நீலமும் வெளிறிய சிவப்புமாகத் தீட்டப்பட்டது. உலகை அழிக்கவல்ல விமானம் சமாதானத்தின் நிறத்தைப் பூண்டு நின்றது.

அக்கோலமும் நிலைக்கவில்லை. 1960ஆம் ஆண்டு மே 1ஆந் திகதி, மிக உயரத்திற் பறந்த அமெரிக்க யூ 2 உளவு விமானத்தைச் சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. உயரம் இனிப் பாதுகாப்பன்று என்பது தெளிவாயிற்று. பிரித்தானியக் குண்டுவீச்சு விமானங்கள் நிலத்தையொட்டித் தாழப் பறக்கும் முறைக்கு மாற்றப்பட்டன. தாழப் பறக்கும் வெள்ளை விமானத்தை மேலிருந்து காண்பது எளிது. ஆதலின் 1960களின் நடுப்பகுதியில் அவற்றின் முதுகு மீண்டும் பச்சையும் சாம்பலுமாயிற்று.

ஒலியினும் விரைவாகச் செல்லும் விமானங்கள் தோன்றியபின், காற்று உராய்வினால் எழும் வெப்பமும் நிறத்தைத் தீர்மானிக்கலாயிற்று. ஒலியினும் மும்மடங்கு விரைந்து செல்லும் அமெரிக்க எஸ்.ஆர். 71 உளவு விமானம் 1964இல் முதன்முதற் பறந்தது. அதன் மேனி சில இடங்களில் 300 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறும். கருநிறப் பொருள் வெப்பத்தை நன்கு உறிஞ்சும் என்பதை யாவரும் அறிவர். நன்கு வெளிவிடவும் செய்யும் என்பதைப் பலர் சிந்திப்பதில்லை. அவ்வளவு உயரத்தில் வெயிலால் வரும் வெப்பத்தினும் உராய்வால் எழும் வெப்பமே பெரிது. அதனை வெளிவிடவே அவ்விமானத்திற்குக் கருமை பூசினர். ஒலியினும் இருமடங்கு விரைந்து சென்ற கொன்கோட் பிரயாண விமானமோ வெண்மை பூண்டது. 1996இல் அத்தகைய விமானமொன்றுக்குப் பெப்சி நிறுவனத்தின் விளம்பரத்துக்காக நீலநிறம் தீட்டியபோது, உச்ச வேகத்தில் 20 நிமிடங்களுக்கு மேற் பறக்கலாகாது என்ற கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. விளம்பரம் கேட்ட நிறத்தை வெப்பம் ஒத்துக்கொள்ளவில்லை.

பிரயாணிகள் விமானங்களின் கதையிலும் வெயிலே முதலாசிரியன். யுத்தத்தின் பின் விமானக் கம்பனிகள் பல, உலோக மேனியின் கூரைப்பகுதிக்கு வெள்ளை பூசத் தொடங்கின. வெப்ப நாடுகளின் தளங்களில் வெயிலிலே நிற்கும் விமானத்தின் உட்புறம் ஓரளவு குளிர்ச்சியாயிருக்க அது உதவிற்று. அழகுக்காகவே நிறம் தேர்ந்தோர் இல்லாமலில்லை. அமெரிக்காவின் பிரானிவ் கம்பனி 1965இல், அலெக்சாந்தர் ஜிராட் என்னும் வடிவமைப்பாளரைக் கொண்டு, ஒவ்வொரு விமானத்தையும் ஒவ்வோர் ஒளிர்நிறத்தில் முழுமையாகத் தீட்டியது. 1973இற் சிற்பி அலெக்சாந்தர் கால்டரின் கைவண்ணத்தில் ஒரு விமானத்தையே பறக்கும் ஓவியமாக்கியது. ஆயின் அதே 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியது. பூச்சின் ஒவ்வோர் இறாத்தலும் எரிபொருளைத் தின்னும் பாரம் என்பதைக் கம்பனிகள் முன்னிலும் கூர்ந்து எண்ணலாயின. வெள்ளை நிறம் வெயிலில் எளிதில் மங்காது. எண்ணெய்க் கசிவையும் வெடிப்பையும் காட்டிக்கொடுக்கும். விமானம் கைமாறும்போது புதிய உரிமையாளர் தம் சின்னத்தைத் தீட்டுவதற்கும் வாய்ப்பானது. வாடகைக்கு விமானம் எடுக்கும் வழக்கம் பெருக, வெண்மையும் பெருகிற்று.

வெற்று உலோக அழகை நெடுங்காலம் விடாது காத்தது அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனம். அதுவும் 2013இல் தன் கோலத்தை மாற்றிக்கொண்டது. காரணம், விமானத்தின் மேனி மீண்டும் மாறியமையே. போயிங் 787 போன்ற புதிய விமானங்களின் உடல், கரிநார் இழைகளைப் பிசினிற் பதித்து ஆக்கப்படுகின்றது. அதனை மெருகேற்றிப் பளபளக்கச் செய்ய இயலாது. ஊதாக்கடந்த கதிர்கள் அப்பிசினைச் சிதைக்கும். மிகை வெப்பம் அதன் உரத்தைக் குறைக்கும். ஆகவே அதற்கு வர்ணப் பூச்சு இன்றியமையாதது. முதலாவது மகாயுத்தத்திலே துணியைத் தின்ற அதே வெயில், நூறாண்டு கழித்துப் பிசினைத் தின்ன வந்து நிற்கின்றது. அன்று இரும்பும் கரியும் கலந்த பழுப்புப் பூச்சு காத்தது. இன்று பெரும்பாலும் வெள்ளைப் பூச்சு காக்கின்றது.

மஞ்சள் விமானத்தின் கதை இன்னும் எஞ்சியுள்ளது. ஓட்டக் கற்கும் இளைஞனை ஏனையோர் எளிதிற் காணவேண்டும் என்பதற்காகப் பயிற்சி விமானத்திற்கு மஞ்சள் பூசினர். பிற்காலத்திற் சிவப்பும் வெள்ளையும் பூசினர். விமானங்கள் வானில் ஒன்றோடொன்று மோதும் விபத்துகளைக் குறைக்க விரும்பிய பிரித்தானிய விமானப் படையினர், எந்நிறம் மிக எளிதிற் கண்ணுக்குப் புலப்படும் எனப் பரிசோதித்தனர். விடை கருநிறம் என்று வந்தது. 1990களில் அவர்களின் பயிற்சி விமானங்கள் பளபளக்கும் கருமை பூண்டன.

அத்திலாந்திக்கில் வெள்ளை பூசியோர் கண்ட உண்மையும், ஐம்பது ஆண்டு கழித்துக் கருமை பூசியோர் கண்ட உண்மையும் ஒன்றே. வானம் வெளிது, அதன்முன் வெள்ளை மறையும், கருமை தோன்றும். முன்னையோர் தம் விமானம் பகைவன் கண்ணிற் படலாகாது என்று வெள்ளையைத் தேர்ந்தனர். பின்னையோர் தம் மாணவன் பிறர் கண்ணிற் படவேண்டும் என்று கருமையைத் தேர்ந்தனர். இருசாராரும் வேண்டியது, சென்ற இளைஞன் உயிரோடு திரும்பி வருவதையே.